ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்துவோம்

எங்கள் நண்பர் ஒருவர் பேஸ்புக்கில் பார்த்து ஒரு சோடிச் சப்பாத்துக்கு ஓடர் போட்டார். பார்சல் வந்தது. காசு தந்தால்தான் பிரிக்கலாம் என்றார் கொண்டுவந்த தம்பி. 4,500 ரூபாவைக் கொடுத்துவிட்டுப் பிரித்தால், ஒரு கால் ஏழாம் சைஸ், மற்றக் கால் ஒன்பதாம் சைஸ். விற்றவரின் இலக்கத்துக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. இரண்டு நாளில் அந்தப் பக்கத்தையே காணவில்லை.

இதைக் கேட்டு நாங்கள் என்ன செய்தோம்? விழுந்து விழுந்து சிரித்தோம். “படிச்ச பெடியன், இப்பிடியே ஏமாறுறது?” என்றோம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவேயில்லை.

எங்களுடைய அந்தச் சிரிப்பைத்தான் குற்றம் சொல்கிறோம். ஏமாந்தவர் வெட்கத்தில் வாயை மூடும்வரை அது அவருடைய மடத்தனம். பத்துப் பேர் ஒன்றாக இருந்து சொன்னால் அது கொள்கைப் பிரச்சினை.

சட்டம் இல்லாமலில்லை. ஒரு ஒப்பந்தம் இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது என்கிறது 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம். அதாவது போனில் போட்ட ஓடரும் ஒப்பந்தம்தான். வியாபாரி வாடிக்கையாளரை ஏமாற்றக்கூடாது, கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். ஆனால் அது வந்தபோது பேஸ்புக்கே பிறக்கவில்லை. கடைக்கு ஒரு கதவும் கதவுக்கு ஒரு விலாசமும் இருந்த காலத்துச் சட்டம் அது.

பக்கத்து இந்தியா 2020இல் மின்வணிகத்துக்கென்றே நுகர்வோர் விதிகளைக் கொண்டுவந்தது. முறைப்பாடு கிடைத்ததை 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்கவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்குது என்று சொல்லவரவில்லை. கேள்வி கேட்க ஒரு நாட்கணக்காவது இருக்கிறது.

அதை அப்படியே இங்கே எழுதினால் போதுமா? போதாது. அடுப்படியில் மிளகாய்த்தூள் வறுத்து வட்ஸ்அப்பில் விற்கிற அக்காவும் இந்தக் கதைக்குள் இருக்கிறா. ஓடர் போட்டவர் வாசலில் வைத்து வேண்டாம் என்றால், போய்வந்த கூரியர் காசு அவவின் தலையில்தான். பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதிய பதிவும் கட்டணமும் படிவமும் அவவின் மேல் விழுந்தால், முதலில் அணைவது அந்த அடுப்புத்தான். ஏமாற்றினவன் புதுப் பெயரில் இன்னொரு பக்கம் திறப்பான்.

கொழும்பில் கூடி ஆங்கிலத்தில் கொள்கை பேசுபவர்களுக்கு இந்த அக்காவைத் தெரியாது. அது அவர்களுடைய பிழை மட்டுமில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஆகவே வாசிகசாலையில் கூடுவம். சங்கம் வேண்டாம், தலைவர் வேண்டாம், மங்கள விளக்கும் பொன்னாடையும் வேண்டவே வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், வாங்கினவர், விற்கிறவர், பார்சல் கொண்டுதிரிகிற தம்பி எல்லாரும் ஒரே வாங்கில் இருந்து கதைப்பம்.

காசு கொடுக்குமுன் பார்சலைப் பிரித்துப் பார்க்க உரிமை வேண்டுமா? பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அந்தச் செலவு யாருக்கு? விற்பவரின் விலாசம் தெரியவேண்டும் என்கிறோம். வீட்டில் தனியாக இருந்து விற்கிற பெண்ணின் விலாசத்தை ஊருக்கே காட்டச் சொல்லலாமா? திருப்பியெடுக்கும் நிபந்தனை ஏன் தமிழில் இல்லை? இவற்றுக்கு எங்களிடமே ஒரே பதில் இல்லை. சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டையில் வருகிற முடிவுகளைத் தமிழில் எழுதி அதிகாரசபைக்கு அனுப்புவம்.

“உதெல்லாம் சட்டம் படிச்ச ஆக்கள் பார்ப்பினம்” என்று சிலர் சொல்லுவினம். சட்டம் படித்தவர்களும் வரட்டும். முதல் ஒரு மணித்தியாலம் இருந்து கேட்கட்டும்.

முதல் நாள் முதலில் கதைக்கச் சொல்லி அந்தச் சப்பாத்து நண்பரைத்தான் கேட்டிருக்கிறோம். இந்த முறை சிரிக்கமாட்டம்.