இருப்புக்கொள்ளாமை: நோயா, மருந்தா?

‘இருப்புக்கொள்ளவில்லை’ என்பது தமிழர் அன்றாடம் வழங்கும் தொடர். மனநோய்க்கு மருந்துண்ணும் ஒருவர் இதைச் சொன்னால், அதற்குத் திட்டவட்டமான மருத்துவப் பொருள் இருக்கக்கூடும். உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும், நடந்தாலும் ஆறாது. மருத்துவம் இதனை ‘அக்கதீசியா’ என்கிறது. மனநோய் மருந்துகள் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1901-இல், செக் மருத்துவர் ஹாஷ்கோவெட்ஸ் கிரேக்க வேரிலிருந்து அமைத்த அச்சொல்லின் பொருளும் ‘உட்கார இயலாமை’யே.

ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் மூளையில் டோபமைனின் செயலைத் தடுத்து மனநோயைத் தணிக்கின்றன. அதே தடுப்பு உடலசைவையும் பாதிக்கிறது. முதல் சில நாட்களில் கழுத்து கோணலாம், கண்கள் மேலே செருகலாம். வாரங்கள் செல்லக் கை நடுங்கி, நடை தளர்ந்து, முகம் உணர்ச்சியற்றுப் போகலாம். மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து வாயும் நாக்கும் தாமாகவே அசையத் தொடங்கலாம். முதியவரிடம் அது வெற்றிலை மெல்லும் பழக்கமாகவே பிறருக்குத் தோன்றும்.

கோலார் தங்கவயலில் இது மொழிச் சிக்கலுமாகும். சுரங்கத்திற்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் 2001-இல் அது மூடப்பட்ட பின்னும் அங்கேயே வாழ்கின்றன. வேலையைப் போலவே உயர்சிகிச்சைக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரையே நாட வேண்டியுள்ளது. நோயாளி தமிழில் சொல்வதை உடன்வந்தவர் கன்னடத்தில் கூற, மருத்துவர் ஆங்கிலத்தில் குறிக்க நேர்ந்தால், ‘இருப்புக்கொள்ளவில்லை’ வெறும் ‘பதற்றம்’ ஆகிவிடும். பதற்றம் நோய் முற்றியதன் அடையாளமாகக் கொள்ளப்பட்டால் மருந்தின் அளவு கூடும். மருந்து கூடினால் அவதியும் கூடும். அவதி பொறாதவர் மருந்தையே நிறுத்திவிடுவார். பழைய நோய் திரும்பும். பழி நோயாளி மீது விழும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையின் அறியப்பட்ட பக்கவிளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் அறியும் உரிமையை வழங்குகிறது. மாநிலத்தின் ஆட்சிமொழி எது என்று அச்சட்டம் கேட்கவில்லை. நோயாளிக்குப் புரிகிறதா என்றே கேட்கிறது.

பக்கவிளைவுகளைச் சொன்னால் நோயாளிகள் அஞ்சி மருந்தை விட்டுவிடுவர் என்பது ஒரு வாதம். அறியாத நிலையில் ஒருநாள் கழுத்து கோணும்போது எழும் அச்சம் அதனினும் கொடியது. முன்பே அறிந்தவர், தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் திரும்பிச் செல்வார்; அளவைக் குறைக்கவும், மருந்தை மாற்றவும், மாற்றுமருந்து தரவும் வழியுண்டு. காலந்தாழ்ந்து வரும் வாயசைவோ, கவனிக்காமல் விட்டால் நிலைத்தே போகக்கூடும்.

இதற்குப் புதிய கலைச்சொற்கள் தேவையில்லை. கழுத்துக் கோணல், கண் செருகல், கைநடுக்கம், வாயசைவு, இருப்புக்கொள்ளாமை என ஐந்து சொற்கள் அச்சிட்ட ஒரு தமிழ்த் தாள், மருந்துப் பொட்டலத்துடன் வீடு சேர்ந்தால் போதும். சொற்கள் ஏற்கெனவே மக்கள் நாவில் உள்ளன. அவற்றை நோயின் பிதற்றலாகக் கருதாமல் சான்றாகக் கொள்ளும் செவிகளே தேவை.