முதல் வீட்டுக்குச் சோறு போட்டவர்கள்

முதல் குடியேறிகள் என்றாலே, கோடரியும் கையுமாகக் காட்டுக்குள் போய் யார் தயவுமின்றிப் பிழைத்தவர்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவர்களே எழுதிவைத்ததைப் படித்தால் கதை வேறு.

கனடாவின் ஒண்டாரியோவில், கட்சவனூக்கா ஏரிக்கரையில் லேக்ஃபீல்ட் என்று ஓர் ஊர். ஸ்ட்ரிக்லண்ட் குடும்பத்தில் இங்கிலாந்திலிருந்து அங்கே முதலில் வந்தவர் சாமுவேல். 1832இல் அவருடைய அக்காக்கள் கேதரின் டிரெயிலும் சுசன்னா மூடியும் கணவன்மாரோடு கப்பலேறினார்கள். 1834க்குள் இரு குடும்பமும் தம்பி இருந்த பக்கமே வந்து சேர்ந்தன. கணவன்மார் இருவரும் அரைச்சம்பள ராணுவ அதிகாரிகள். மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்கள். மனைவிமாரோ எழுத்தாளர்கள். 1836இல் வந்த கேதரினின் புத்தகம், வந்தால் சமாளிக்கலாம் என்று தைரியம் சொல்கிறது. 1852இல் வந்த சுசன்னாவின் புத்தகம், வசதியாக வாழ்ந்தவர்களே, ஏமாந்து வராதீர்கள் என்று எச்சரிக்கிறது.

தனியாளாக ஒன்றும் நடக்காது என்பதில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை. கேதரினுக்கு மரவீடு எழுப்ப அக்கம்பக்கத்தார் 16 பேர் வந்தார்கள். இருட்டுவதற்குள் வெளிச்சுவர் நின்றுவிட்டது. வெட்டிய மரங்களை உருட்டிக் குவித்து எரிக்க சுசன்னா வீட்டார் அழைத்தது 32 பேரை. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு: பட்டாணி சூப், பன்றித்தொடை, மான்கறி, விலாங்கு, பழப் பணியாரம், கூடவே விஸ்கி. குடியும் கூச்சலுமான கூட்டம் என்று சுசன்னா அலுத்துக்கொள்கிறார். ஆனால் மொய் மாதிரிதான். வாங்கினால் திருப்பிச் செய்தாக வேண்டும்.

திருப்பிச் செய்யாத மொய் ஒன்றும் உண்டு. அது மிஸ்ஸிஸாகா பூர்வகுடிகளுடையது. கஷ்ட காலத்தில் வாத்தும் மான்கறியும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள். காட்டரிசி அறுவடையைக் கேதரின் வியந்து எழுதுகிறார்: பெண்கள் தண்ணீரில் விளைந்த கதிருக்குள் படகை விட்டு, ஒரு கோலால் வளைத்து இன்னொரு கோலால் தட்டுவார்கள், மணி படகுக்குள்ளேயே உதிரும்.

அந்தப் பூர்வகுடிகளுடைய நிலம் 1818 ஒப்பந்தத்தில் கைமாறியிருந்தது. ஏறத்தாழ 19 லட்சம் ஏக்கருக்கு ஆண்டுக்கு 740 பவுண்டு, அதுவும் பொருளாக!

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் முதல் வீடு யாருடையது என்று தேடுகிறார்கள். அந்த வீட்டில் அடுப்பெரிய யார் காரணம் என்றும் தேடினால், முதல் குடும்பங்களின் பட்டியலைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.