பின்வரிசையில் நிற்போர்

முத்தாபுதுப்பேட்டை முதல் அம்பத்தூர் வரை பட்டறைகளிலும் கட்டடப் பணிகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் உழைப்பாளர்களைக் காண்கிறோம். கூலி குறைகிறது என நம்மவர் முறையிடுவதில் நியாயம் உண்டு. ஆனால் கூலியைக் குறைப்பவர் ஒப்பந்தக்காரரே, வந்தவர் அல்லர். 2020 பொது முடக்கத்தில் அவர்கள் ஊர் திரும்பியதும் வேலைகள் நின்றுபோயின. 2023 மார்ச்சில், அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அஞ்சிப் பலர் இரயிலேறினர். (வளைகுடாவில் நம் பிள்ளைகளும் வேற்றூராரே!)

ஜார்க்கண்ட், ஒடிசாப் பழங்குடியினரில் கத்தோலிக்கர் பலர். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்கும் அவர்களுக்குத் தமிழ் மறையுரை எப்படிப் புரியும்? மாதம் ஒருமுறை இந்தியில் திருப்பலி, அவர்கள் தங்கும் தெருவில் ஓர் அன்பியக் கூட்டம்: இவ்விரண்டையும் நம் பங்குப் பேரவைகள் இவ்வாண்டே பேசட்டும்.