அலாரத்துக்கு நேரம் குறிக்க வேண்டியது யார்?

போன மார்கழியில் ஒரு விடிகாலை என் மனைவி கூடத்து நிலைப்படியில் தடுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "இந்த வயசுல பார்த்து நடக்கக் கூடாதா அக்கா?" என்றுதான் கேட்டார்கள். அவள் எப்போதும் பார்த்து நடப்பவள்தான். அன்று அவளை ஓட வைத்தது எங்கள் வீட்டுத் திருட்டு அலாரம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பெற்றவர்களுக்கு இந்த அலாரத்தை வாங்கி மாட்டிவிடுவது இப்போது நம் தெருக்களில் பெருகி வருகிறது. அதனால் நான் பட்டதை எழுதி வைக்கிறேன்.

உறையூரில் எங்களுடையது பழைய வீடு. வாசல், கூடம், அடுக்களை, அதைத் தாண்டிக் கொல்லை. குளியலறை கொல்லையில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த மகன் இரண்டே நாளில் எல்லாக் கதவுக்கும் ஜன்னலுக்கும் காந்த சென்சார் வைத்து, கூடத்தில் ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார் ஒன்றும் மாட்டிவிட்டுப் போனான். இதில் இரண்டு நிலை உண்டு. 'ஸ்டே' என்றால் கதவு, ஜன்னல் மட்டும் காவலில் இருக்கும். உள்ளே நாம் நடமாடலாம். 'அவே' என்றால் வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். எல்லா சென்சாரும் காவலில் இருக்கும்.

நேர அட்டவணையையும் அவனே போட்டான். இரவு 10 மணிக்குத் தானாக ஸ்டே, காலை 6 மணிக்குத் தானாக ஆஃப். இடையில் கதவைத் திறந்தால் 20 விநாடி 'பீப் பீப்' என்று கத்தும். அதற்குள் வாசல் பக்கம் இருக்கும் கீபேடில் நாலு எண்ணைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் சைரன். மாட்ட வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கொல்லைக் கதவிலிருந்து கீபேடு வரை நடந்து பார்த்து, "பத்து செகண்டுதான் சார், இருபது தாராளம்" என்றார். நானும் தலையாட்டினேன்.

மார்கழி வந்தது. வருஷம் பூராவும் 6 மணிக்கு எழுகிறவள் 4 மணிக்கே எழுந்தாள். குளித்துவிட்டுக் கோலம் போட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கொல்லைக் கதவைத் திறப்பாள். பீப் கேட்ட பிறகுதான் ஞாபகம் வரும். முதல் நாள் சைரன் அலறியபோது பக்கத்து வீட்டிலிருந்தும் எதிர் வீட்டிலிருந்தும் டார்ச்சும் கம்புமாக ஓடி வந்தார்கள். இரண்டாம் தடவை ஒருவர் வந்தார். மூன்றாம் தடவை ஜன்னல் வழியாக, "என்ன சார், மறுபடியுமா?" என்று ஒரு குரல். நாலாம் தடவை அதுவும் இல்லை.

ஐந்தாம் தடவைதான் அவள் விழுந்தது. யாருக்கும் தொந்தரவு கூடாது என்று இருட்டில் கீபேடை நோக்கி ஓடியிருக்கிறாள். நான் மாடியில் படுத்திருந்தேன். சைரன் எனக்கும் கேட்டது. 'இன்றைக்கும் மறந்துவிட்டாள்' என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். மூன்று நிமிடம் அலறி அது ஓய்ந்த பிறகுதான் கீழேயிருந்து அவள் குரல் கேட்டது. ஊரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். இந்த விஷயம் எனக்குத்தான் முதலில் உறைத்திருக்க வேண்டும். அந்தக் கால ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சில் அலாரம் இரண்டு வகை. ஃபியூஸ் போனால் உடனே மணி அடிக்கும். யாராவது வீட்டில் ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை என்றால் சில நிமிடம் பொறுத்துத்தான் அலாரம் வரும். பெரும்பாலும் அதற்குள் அவர்களே சரியாக வைத்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் உடனே மணி அடித்தால், டியூட்டியில் இருப்பவன் மணியைக் காதில் வாங்குவதை விட்டுவிடுவான். அதனால்தான் தவறுக்கும் ஆபத்துக்கும் நடுவில் ஒரு டைமர் வைத்தார்கள்.

வீட்டு அலாரத்தில் அந்த டைமர் யார் காலுக்கு ஏற்றது? என் கருத்து இதுதான்: வீட்டிலேயே மெதுவாக நடப்பவர், இரவில், கண்ணாடியைத் தேடி, விளக்கைப் போட்டு, கீபேடுக்குப் போய் எண்ணைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ, அதற்கும் மேல் கொஞ்சம் வைக்க வேண்டும். கட்டுப் பிரித்த பிறகு கடிகாரத்தோடு நின்று பார்த்தேன். என் மனைவிக்கு 45 விநாடி ஆனது. 20 விநாடி என்பது திருடனுக்காக வைத்த கணக்கு, விழுந்தது வீட்டுக்காரி.

கொல்லைக் கதவுக்கு 60 விநாடி என்று மாற்றச் சொன்னேன். "அப்பா, திருடனுக்கு ஒரு நிமிஷம் கிடைச்சிடுமே" என்றான் மகன். நியாயமான கேள்விதான். ஜன்னல்களுக்குத் தாமதமே வேண்டாம், திறந்தால் உடனே அடிக்கட்டும் என்றேன். கொல்லைக் கதவில் திருடனுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கலாம். ஆனால் சைரன் கேட்டும் தெருவே திரும்பிப் படுத்தால் அவனுக்கு ராத்திரி முழுக்கக் கிடைக்கும். அதன் பிறகு அவன் பேசவில்லை. அடுத்த தடவை வந்தபோது கொல்லைக் கதவருகே இன்னொரு கீபேடும் மாட்டினான். இப்போது ஓட வேண்டிய அவசியமே இல்லை.

தானாக ஆஃப் ஆகும் நேரத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நடுவில் நாலு நாள் பெங்களூர் போயிருந்தோம். 'அவே' போட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பினோம். திரும்பி வந்து பதிவுகளைப் பார்த்தால், மறுநாள் காலை 6 மணிக்கு அட்டவணை தன் கடமையைச் செய்து காவலை நீக்கியிருக்கிறது. பகல் பூராவும் காவல் இல்லாத பூட்டிய வீடு. இரவு 10 மணிக்கு மறுபடி ஸ்டே. நாலு நாளும் இதே கதை. பெட்டிக்கு மணி தெரியும், வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பது தெரியாது. காவல் போடுவது தானாக நடக்கட்டும், அதற்கு முன் ஒரு எச்சரிக்கை ஒலியோடு. காவலை எடுப்பது மட்டும் மனிதன் கையால் நடக்கட்டும். எங்கள் அட்டவணையில் காலை 6 மணியை அழித்துவிட்டோம். எரிவாயுக் கசிவு சென்சாரையும் ஆபத்துப் பொத்தானையும் எந்த அட்டவணையிலும் சேர்க்கக் கூடாது. அவை 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும்.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அக்கறையில்தான் வாங்கித் தருகிறார்கள். ஆனால் பால்காரர் எப்போது வருவார், வேலைக்கார அம்மா எந்தக் கதவில் நுழைவார், அமாவாசை அன்று யார் எப்போது எழுவார்கள் என்பதெல்லாம் கைப்பேசியில் அட்டவணை போடுகிற பையனுக்குத் தெரியாது. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வீட்டில் இருப்பவர்கள் சொல்லச் சொல்லப் போட வேண்டும். முக்கியமாக வீட்டுப் பெண்கள் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அவளைக் கேட்கவே இல்லை, நான் உட்பட.

எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீடுகளுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, "இனிமேல் அடித்தால் நிஜம்தான், தயவுசெய்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதுவரை ஒரு தடவையும் தவறாக அடிக்கவில்லை. இந்த வருஷக் காலண்டரில் கார்த்திகைக் கடைசி நாளில் என் மனைவி, "அலாரம் நேரம் மாற்று" என்று எழுதி வைத்திருக்கிறாள். கை இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, எழுத்து கொஞ்சம் கோணல்தான்.