எந்தச் சபைக்குச் சுதந்திரம்?

ஒரு ஸ்தாபனம் ‘சுதந்திரம்’ என்ற சொல்லை எந்தச் சமயத்தில் எடுக்கிறது, எந்தச் சமயத்தில் மறந்துவிடுகிறது என்று பார்த்தால் அதன் மனசு தெரிந்துவிடும் என்பது என் கட்சி. அமெரிக்காவின் மிகப் பெரிய பிராடெஸ்டண்ட் ஸ்தாபனமாகிய சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷனில், ‘நாம் யார்? எந்த வழியில் போகிறோம்?’ என்று நெடுநாளாக நடந்துவரும் சண்டையைப் படிக்கப் படிக்க, என் கட்சி பலப்பட்டே வந்திருக்கிறது.

“அது அவர்கள் வீட்டு விவகாரம், உமக்கு என்ன வந்தது?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நான் வேத சாஸ்திரப் பண்டிதன் அல்லன், கதை எழுதுகிறவன். பவுல் அப்போஸ்தலனின் நிருபங்களுக்கு எது சரியான வியாக்கியானம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. சொல்லப் போவதும் இல்லை. ஆனால், ஒரே சொல்லை ஒருவர் காலையில் ஓர் அர்த்தத்திலும் மாலையில் வேறோர் அர்த்தத்திலும் சொன்னால், அதைக் கவனிக்காமல் கதை எழுத முடியாது. அந்த அளவுக்கு எனக்கு இதில் பாத்தியதை உண்டு.

முதலில் பாப்டிஸ்டுகள் என்பவர்கள் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை அவர்கள் ஏற்பதில்லை. விவரம் தெரிந்த ஒருவர், தாமே நம்பி, தாமே கேட்டுப் பெற்றால்தான் அது ஞானஸ்நானம். இதிலிருந்துதான் மற்றதெல்லாம் பிறக்கிறது. நம்பிக்கையை யாரும் யாருக்கும் பிறப்பிலே மாட்டிவிட முடியாது என்றால், அரசனும் அதைச் சட்டம் போட்டு மாட்ட முடியாது அல்லவா? 1612-ல் தாமஸ் ஹெல்விஸ் என்ற ஆங்கிலேயர் இதை முதலாம் ஜேம்ஸ் மன்னனுக்கே எழுதிச் சொன்னார். தம்மைப்போன்றவர்களுக்கு மட்டும் அவர் கேட்கவில்லை. முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும்கூட அந்த மனச்சாட்சிச் சுதந்திரம் வேண்டும் என்றார். அதற்குக் கிடைத்த சன்மானம் நியூகேட் சிறைச்சாலை. வெளியே வந்து வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1638-ல் ராஜர் வில்லியம்ஸ் அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் முதல் பாப்டிஸ்ட் சபையை ஏற்படுத்தியபோதும் அஸ்திவாரம் இதுதான்.

பாப்டிஸ்டுகளுக்குப் போப்பும் இல்லை, பிஷப்பும் இல்லை. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தனக்குத் தானே அதிகாரி. போதகரை நியமிப்பதும் நீக்குவதும் அந்தந்தச் சபையார்தான். ஆண்டுதோறும் கூடும் மகாநாட்டுக்குச் சபைகள் அனுப்புகிறவர்களைப் பிரதிநிதிகள் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், ‘தூதர்கள்’ என்பார்கள். சபை தன் அதிகாரத்தை எவரிடமும் ஒப்படைப்பதில்லை என்று காட்டுவதற்காக அந்தப் பெயர். எனக்கு இந்த ஏற்பாட்டின் மீது உண்மையாகவே மரியாதை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மகாநாடு பிறந்த கதை வேறு. 1845-ல் ஜார்ஜியா மாகாணத்தில் அகஸ்டா நகரில் இது தோன்றியது. காரணம், அடிமைகளை வைத்திருப்பவரை மிஷனரியாக நியமிக்க முடியாது என்று வடக்கே இருந்தவர்கள் சொன்னது. தெற்கே இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை, பிரிந்து வந்தார்கள். அதற்கும் 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1822-ல், ரிச்சர்ட் ஃபர்மன் என்ற பெரிய போதகர் தென் கரோலினா கவர்னருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். அடிமை வைத்திருப்பது வேதத்துக்கு விரோதமானதல்ல என்பதை அதில் வசன ஆதாரங்களோடு ஸ்தாபித்திருந்தார். அவர் அயோக்கியர் அல்லர், படித்தவர், பக்தர். வேதத்தில் தெளிவாக இருக்கிறது என்றுதான் அவரும் நம்பினார். பிரிந்து 150 ஆண்டுகள் கழித்து, 1995-ல், அதே மகாநாடு அடிமைத்தனத்தை ஆதரித்த பாவத்துக்காகக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லது. ஆனால் அந்த நீண்ட காலமும் யார் முதுகில் கழிந்தது?

‘வேதத்தில் தெளிவாக இருக்கிறது’ என்ற பேச்சு 1979-ல் மறுபடியும் பலமாகக் கிளம்பியது. அந்த ஆண்டு ஹூஸ்டன் மகாநாட்டில் அட்ரியன் ராஜர்ஸ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதிலிருந்து வரிசையாக ஒரே கட்சிக்காரர்களே தலைமைக்கு வந்தார்கள். வேதம் அட்சரம் பிசகாதது என்பது அவர்கள் கொள்கை. தலைவருக்கு நியமனக் கமிட்டிகளின் மீது உள்ள செல்வாக்கைக் கொண்டு, வேதக் கல்லூரிகளையும் மிஷன் சங்கங்களையும் ஒவ்வொன்றாகக் கைக்குக் கொண்டுவந்தார்கள். ஒத்துவராத பேராசிரியர்கள் வெளியேறினார்கள். 1963-ல் எழுதிய விசுவாச அறிக்கை, வேதத்தை வியாக்கியானம் செய்ய ஏசுநாதரே அளவுகோல் என்று சொல்லியிருந்தது. 2000-ல் திருத்தியபோது அந்த வாசகம் போய்விட்டது; போதகர் பதவி ஆண்களுக்கு மட்டுமே என்ற வாசகம் வந்துவிட்டது. அதே ஆண்டில்தான் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர், ஆயுள் முழுவதும் இருந்த இந்த மகாநாட்டோடு தமக்கு இனி உறவில்லை என்று அறிவித்தார்.

1964-ல் வட கரோலினாவில் டர்ஹம் நகரத்துச் சபை ஒன்று ஆடி டேவிஸ் என்ற பெண்மணிக்குப் போதகர் அபிஷேகம் செய்தது. தென் பாப்டிஸ்டுகளில் அவரே முதல்வர். பலருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்தச் சபையின் சுதந்திரம் அது என்று விட்டுவிட்டார்கள். 2023-ல் அப்படி விடவில்லை. கலிபோர்னியாவில் ரிக் வாரன் 1980-ல் ஆரம்பித்த ஸாடில்பேக் சபை, மகாநாட்டின் மிகப் பெரிய சபைகளில் ஒன்று. பெண்களுக்கு அபிஷேகம் செய்தது அது செய்த குற்றம். கெண்டக்கியில் ஃபெர்ன் க்ரீக் சபை சிறியது. லிண்டா பார்ன்ஸ் பாபம் என்ற அம்மையார் அங்கே 30 ஆண்டுகளாகப் போதகராக இருந்தார். இரண்டு சபைகளும் நியூ ஆர்லியன்ஸ் மகாநாட்டில் மேல்முறையீடு செய்துகொண்டன. ஸாடில்பேக்கை வெளியேற்ற 9,437 வாக்குகள். வேண்டாம் என்று 1,212. ஃபெர்ன் க்ரீக்கை வெளியேற்ற 9,700. வேண்டாம் என்று 806. முப்பது ஆண்டுகள் ஒரு சபையைப் பராமரித்த அம்மாளுக்கு மேடையில் கிடைத்தது சில நிமிஷங்கள்.

அதோடு நிற்கவில்லை. பெண் போதகர் உள்ள சபைக்கு இடமில்லை என்று சட்டத்திலேயே எழுதிவிட முயன்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2024-ல் இண்டியானாபோலிஸில் 5,099 பேர் வேண்டும் என்றும் 3,185 பேர் வேண்டாம் என்றும் சொன்னார்கள், சுமார் 61 சதவிகிதம், போதவில்லை. 2025-ல் டாலஸில் மறுபடியும் கொண்டுவந்தார்கள். மறுபடியும் சுமார் 61 சதவிகிதம். தோற்றதென்னவோ உண்மை. ஆனால் சட்டம் நிறைவேறாமலே சபைகளை வெளியேற்ற முடிகிறது என்பதை அவர்கள் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்.

இனி மற்றொரு கதையைச் சொல்கிறேன்.

ஒரு சபையில் போதகரோ, வாலிபர் சங்கத்தை நடத்துகிறவரோ, ஒரு சிறுமியிடம் தகாத காரியம் செய்கிறார். விஷயம் வெளியே கசிகிறது. சபைக்கு அவமானம் வேண்டாம் என்று அவரை ராஜிநாமா செய்யச் சொல்கிறார்கள். அவர் வேறு மாகாணத்துக்குப் போய் வேறொரு சபையில் சேர்கிறார். அங்கே உள்ளவர்களுக்கு அவரைப் பற்றி விசாரிக்க ஒரு பொது இடம் கிடையாது. அங்கேயும் வாலிபர் சங்கம் இருக்கிறது. அங்கேயும் சிறுமிகள் இருக்கிறார்கள்.

சிறு வயதில் இந்தக் கொடுமைக்கு ஆளான கிறிஸ்டா பிரௌன் முதலியவர்கள், குற்றம் சாட்டப்பட்ட ஊழியர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை மகாநாடு வைத்திருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக மன்றாடினார்கள். 2008-ல் நிர்வாகக் கமிட்டி பதில் சொன்னது: முடியாது, ஒவ்வொரு சபையும் சுயாதீனமானது, அதில் மகாநாடு தலையிட இயலாது.

2019-ல் ஹூஸ்டன் கிரானிகிள், சான் ஆண்டோனியோ எக்ஸ்பிரஸ் நியூஸ் என்ற இரு பத்திரிகைகள் 20 ஆண்டுக் கணக்கைத் தோண்டி எடுத்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுமார் 380 பேர்; பாதிக்கப்பட்டவர்கள் 700 பேருக்கு மேல். 2021-ல் தூதர்களே கிளர்ந்தெழுந்து, வெளியார் விசாரணை வேண்டும் என்று தீர்மானம் செய்தார்கள். 2022-ல் வந்த 288 பக்க அறிக்கையில் உள்ள ஒரு செய்தியைப் படித்துவிட்டு நான் புஸ்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது. பெயர்ப்பட்டியல் வைக்க முடியாது என்று சொன்னார்கள் அல்லவா? பட்டியல் இருந்தது! நிர்வாகக் கமிட்டியின் ஊழியர் ஒருவர் ஆண்டுக்கணக்காக அதைச் சேகரித்து வந்திருந்தார். 703 பெயர்கள். வழக்கு வந்தால் மகாநாட்டுக்கு ஆபத்து என்ற கவலை இருந்தது. எந்தச் சபைக்கும் எச்சரிக்கை போகவில்லை.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கயவனைப் பற்றி எச்சரிக்கை செய் என்றால், ‘ஐயையோ, சபையின் சுதந்திரம்!’ ஒரு பெண்மணி பிரசங்க மேடையில் நிற்கிறாள் என்றால், அந்தச் சுதந்திரம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

இதற்கு அவர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். “எந்தச் சபையையும் நாங்கள் உத்தரவிட்டு மாற்றச் சொல்லவில்லை. ஸாடில்பேக் தன் இஷ்டப்படி இருக்கட்டும். யாரோடு நாங்கள் கூடி வேலை செய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் எங்களுக்கும் உண்டு” என்கிறார்கள். நியாயமான பதில்தான். ஒத்த கருத்துள்ளவர்கள் கூடுவதும் ஒவ்வாதவர்களை விலக்குவதும் எந்தச் சங்கத்துக்கும் உள்ள உரிமை. நான் அதை மறுக்கவில்லை.

ஆனால் ஐயா, அந்த உரிமை 2008-லும் இருந்ததே! கயவனைத் தெரிந்தே வைத்திருக்கும் சபையோடு கூடமாட்டோம் என்று சொல்ல அன்றைக்கு யார் தடுத்தார்கள்? பெயர்களை வெளியிடுவது எந்தச் சபைக்கும் உத்தரவு ஆகாதே? 2021-ல் அத்தகைய ஓரிரு சபைகளை விலக்கியும் காட்டினார்களே! ஆகவே முடியாமல் இருக்கவில்லை. செய்ய மனமில்லாமல் இருந்தது. 2022-ல் அனாஹெய்ம் மகாநாடு பொதுப் பெயர்ப்பட்டியல் வேண்டும் என்று தீர்மானித்தது. 2025 ஜூனில் டாலஸில் மறுபடி பெண்களைப் பற்றி வாக்கெடுத்தபோதும், அந்தப் பொதுப் பட்டியலில் ஒரு பெயர்கூட வெளியாகியிருக்கவில்லை.

லாட்டி மூன் என்ற அம்மையாரைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1873-ல் இந்த மகாநாட்டின் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனவர். மிகவும் குள்ளமான உருவம். பிங்டூ என்ற ஊரில் தனியாக இருந்து வேலை செய்தார். ஆண்களும் பெண்களும் வந்து அவர் சொன்னதைக் கேட்டார்கள். பணமும் ஆட்களும் அனுப்பும்படி தாய்நாட்டுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1912-ல் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஊர் திரும்பும் வழியில், ஜப்பானியத் துறைமுகம் ஒன்றில் கப்பலிலேயே உயிர் நீத்தார். அவர் பெயரால்தான் தென் பாப்டிஸ்டுகள் இன்றுவரை கிறிஸ்துமஸ் காணிக்கை எடுக்கிறார்கள். 2023-24-ல் அது 20 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பெயரைச் சொல்லிக் காணிக்கைத் தட்டு நீட்டலாம். அந்த அம்மாள் இன்று வந்து ஒரு சபைக்குப் போதகராக நின்றால் அந்தச் சபையை வெளியேற்றுவார்கள்.

2006-ல் 1 கோடி 63 லட்சமாக இருந்த அங்கத்தினர் தொகை 2024-ல் 1 கோடி 27 லட்சமாகக் குறைந்துவிட்டது. தங்கள் அடையாளம் மங்குகிறது என்று தலைவர்கள் கவலைப்படுகிறார்கள். 2012-ல் ‘தெற்கு’ என்ற சொல்லை விட்டு வேறு பெயரால் அழைத்துக்கொள்ளவும் சபைகளுக்கு இடம் கொடுத்தார்கள். பெயரை மாற்றுவதற்கு என்ன, மாற்றிக்கொள்ளட்டும். நியூகேட் சிறையில் கிடந்த ஹெல்விஸுக்குப் பாப்டிஸ்ட் என்ற அடையாளம் எங்கே இருக்கிறது என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. தம்மோடு ஒத்துப்போகாதவனுக்காகவும் அவர் சுதந்திரம் கேட்டார். அவருடைய வாரிசுகள் ஒரு கணக்கு இன்னும் தீர்க்கவில்லை. அந்தப் பொதுப் பட்டியலைப் பெயர்களோடு வெளியிடட்டும். ஃபெர்ன் க்ரீக் சபையாரிடம் போய், 1964-ல் டர்ஹமுக்கு இருந்த சுதந்திரம் உங்களுக்கும் உண்டு என்று சொல்லட்டும். அதன் பிறகு, நாம் யார் என்று கூடி விவாதிக்கட்டும்; நானும் மரியாதையோடு கேட்கத் தயார்.