பல் தேய்ந்த சக்கரமும் பட்டப் படிப்பும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். என் மிதிவண்டியில் பல் தேய்ந்துபோன ஒரு சிறு சக்கரம் எனக்கு ஒரு பாடமே நடத்திவிட்டது.

கைமாறி வந்த பழைய கியர் சைக்கிள் என்னுடையது. கல்லூரிக்கு அதில்தான் வருகிறேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் அதில் சுற்றியிருக்கிறேன். சில மாதங்களாகச் செயின் கரகரத்தது. கியரை மாற்றினால் உடனே விழவில்லை. ஒரு கடையில் காட்டினேன். "டிரெய்லர் போச்சு தம்பி, செட்டோட மாத்தணும்" என்றார்கள். அந்தத் தொகைக்கு ஒரு பருவத் தேர்வுக் கட்டணமே கட்டிவிடலாம்!

வீட்டில் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். டிரெய்லரில் மேலும் கீழுமாக இரண்டு சிறு பல்சக்கரங்கள் உண்டு, புல்லி என்பார்கள். மேலது செயினை உரிய கியருக்கு நேரே கொண்டுபோய் விடுகிறது. கீழது ஸ்பிரிங்கின் உதவியால் தொய்வை இழுத்துப் பிடிக்கிறது. நாம் மிதிக்கும் விசை செயினின் மேற்புறம் செல்கிறது. புல்லிகள் இருப்பதோ விசை குறைந்த கீழ்ப்புறம். அதனால்தான் பிளாஸ்டிக்காக இருந்தும் அவை தாங்குகின்றன. ஆனால் எண்ணெயில் ஒட்டிய புழுதி அரம்போல அராவிவிடும். என் புல்லிகளின் பற்கள் முள்ளாய்க் கூர்ந்திருந்தன. மற்றபடி டிரெய்லருக்கு ஒரு குறையும் இல்லை.

செயினையும் அளந்தேன். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு அரை அங்குலம். 24 கண்ணிக்கு 12 அங்குலம் வரவேண்டும். அதில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினாலே செயினை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் அது புதுப் பல்லையும் தின்றுவிடும். நல்லவேளை, என் செயின் தப்பியது. அதே எண்ணிக்கைப் பற்களுள்ள இரு புல்லிகளை வாங்கினேன். எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொண்டு, ஆலன் கீயால் போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினேன். கடையில் கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

"படிக்கிற பிள்ளைக்குக் கை பூரா எதுக்குடா கிரீசு?" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அழுக்குப் படாத வேலைக்கு நான் போகவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் நெம்புகோலையும் உராய்வையும் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதிவிட்டு, ஒரு போல்ட்டைத் திருக அஞ்சும் படிப்பு பாதிப் படிப்பே என்பது என் கருத்து. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுத் தந்தது. எழுத்தும் சக்கரமும் பகையல்ல என்பதை அன்றே அது காட்டிவிட்டது.

நண்பர்களே! நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெட்டி வைப்போம். அதில் ஆலன் கீ, ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி இருக்கட்டும். வாரம் ஒரு மாலை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித் தரட்டும். இது கடைக்காரரின் பிழைப்பைக் கெடுக்க அல்ல. கெட்டது எது, கெடாதது எது என்று நாமே கண்டுகொள்ள. கையில் படும் கிரீசு சோப்புக்குப் போய்விடும், கற்றது போகாது.

— இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்