கடலடிப் படக்கருவி: எதனை முதற்கண் தேர்வது?

அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்காலைச் சார்ந்த மாணவர் நால்வர் யாம். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தைப் பாடமாக ஓதிய நாள்தொட்டு, பூம்புகாரை அடுத்த கடலில் மூழ்கி ஆண்டுள்ளவற்றைப் படமெடுத்து வருதல் வேண்டும் என்னும் ஆவல் எம்மைப் பற்றிக்கொண்டது. அதன்பொருட்டுச் சேர்த்த பணமோ சிறிது. அதனை எக்கருவியிற் செலவிடுவது என்பது குறித்து எம்முள்ளே பெருவழக்கு மூண்டது. இருவர் விலையுயர்ந்த படக்கருவியே வேண்டும் என்றனர், ஏனையிருவர் மறுத்தனர். அவ்வழக்கின் முடிவை ஈண்டு உரைப்பாம்.

தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் 1991 முதல் 1993 வரை அக்கடலில் ஆராய்ந்து, கரைக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அப்பால், 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவினதோர் அமைப்பைக் கண்டனர். பிறிதோரிடத்தில் பழங்கப்பலொன்றின் சிதைவும் கிடைத்தது. அதன் ஈயக்கட்டிகளிற் சில 1791, 1792 என்னும் ஆண்டுகள் பொறிக்கப்பெற்றவை. ஆகவே எம் ஆவல் வெறுங்கனவு அன்று. ஆயின், காவிரியும் அதன் கிளைகளும் வண்டலைக் கொணர்ந்து சேர்க்கும் கடல் இது. நீர் கலங்கியிருத்தலே பெரும்பான்மை.

கடலடிப் படம் புதியதொரு வித்தையன்று. பிரெஞ்சு உயிர்நூற் புலவர் லூயி பூத்தான் 1893-ஆம் ஆண்டிலேயே மத்தியதரைக் கடலில் மூழ்கிப் படமெடுத்தார். அந்நாட்டிற் பிறந்த கலிப்சோ என்னும் கருவியே 1963-இல் நிக்கோனாஸ் எனப் பெயர் பூண்டு ஜப்பானினின்றும் வெளிவந்தது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த எம்மூரார் இதனை நினைவுகூர்தல் தகும். இக்காலத்திலோ, நிலத்தில் வழங்கும் கருவியை நீர்புகாப் பெட்டியுளிட்டு இறக்குவதே பெருவழக்கு.

நிற்க. சென்ற கோடையில் யாம் கைப்பேசியொன்றை நெகிழியுறையிலிட்டு, அதன் விளக்கையும் ஏற்றித் தோணியினின்று இறக்கிப் பார்த்தேம். பனி பெய்தாற்போன்ற வெண்புள்ளிகளன்றி வேறொன்றுங் கண்டிலேம். காரணம் யாதெனின், வில்லைக்கு அருகிலுள்ள விளக்கு முன்னே மிதக்கும் வண்டலையே ஒளிர்வித்துவிடும். விளக்கை நீண்ட கைகளிற் பொருத்திப் பக்கவாட்டில் விலக்கி வைப்பின் அக்குறை பெரிதும் நீங்கும். மேலும், நீரில் ஆழஞ்செல்லச் செல்லச் செந்நிறமே முதலில் மறையும். அதனை மீட்பதும் விளக்கே. நீரினூடு நோக்கும் பொருள் மூன்றிலொரு பங்கு பெரிதாய்த் தோன்றும். தட்டைக் கண்ணாடி காட்சிப் பரப்பையும் குறுக்கும். ஆதலின் அகன்ற காட்சி தரும் வில்லையும், அதன்முன் அரைக்கோளக் கண்ணாடியும் கொண்டு பொருளை நெருங்கி எடுத்தல் நலம். நெருங்குந்தோறும் இடைப்பட்ட கலங்கல் நீர் குறையுமன்றோ?

விலைமிக்க கருவி மங்கிய ஒளியிலும் நன்கு காணும் என்பர் நண்பர். உண்மையே. ஆயினும் கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே நிற்கும் சேற்றை எக்கருவியும் விலக்காது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு மிகும். பெட்டியின் இரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் சிக்கினும் உட்புகும் நீர் ஆயிரங்களை நொடியில் அழித்துவிடும்.

எனவே எம் முடிவு இது: பணத்தின் முதற்பங்கு பயிற்சிக்கு, அடுத்தது விளக்குக்கு, மூன்றாவது வில்லைக்கும் பெட்டிக்கும், எஞ்சியதே கருவிக்கு. நீரில் நிலைபெற மிதக்கக் கல்லாதவன் சேற்றைக் கிளறித் தன் படத்தைத் தானே கெடுப்பான். படத்தில் மனம் வைத்துக் காற்றளவை மறப்பானாயின் உயிரையும் இழப்பான். வீட்டில் எம் அன்னையர் அஞ்சுவதும் அதனையே. ஆகலின் இவ்வாண்டு புதுச்சேரியில் பயிற்றுநரோடு மூழ்கிக் கற்போம், பூம்புகார் காத்திருக்கும்.

பிற கடலின் பளிங்குநீர்ப் படங்களைக் கண்டு, எம் படத்துக்கும் செயற்கை நீலம் பூச விழைதல் வேண்டா. கலங்கிய நீரே எம் கடலின் மெய். அதனுள் மங்கலாய்த் தெரியும் ஒரு கல்லாயினும், தொடாது, பெயர்க்காது, உள்ளவாறே காட்டும் ஒரு படம் எமக்குப் போதும்.